காத்திருந்தவள் தலைக்கு ஏறிய கஞ்சி

உப்புக்கிடங்குச் சந்தில் ஒரு சித்திரை மாதம் முழுக்கவும் வைகாசியில் பாதியும் கஞ்சியைக் குடித்தது ஆண்கள், போதை ஏறியது அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. அந்தக் கஞ்சியை ஊறல் போட்டவள் பூஷணம். துறைமுகத்தின் பின்மதிலை ஒட்டிக் கிடக்கிற அந்தச் சந்தில் பதினாறு வருஷமாக அவள் சுண்டக்கஞ்சி விற்கிறாள். சோற்றை வடித்து ஆறவைத்து, புளிப்பேற்றுகிற மருந்து உருண்டையைப் பொடித்துக் கலந்து, பழைய பானையின் அடிக்கஞ்சியில் ஒரு சொம்பு எடுத்துப் புதுப் பானையில் ஊற்றி மூன்று நாள் புளிக்கவைத்தால், வெயிலில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன் இரண்டு கிளாஸில் தன் பெயரையும் மூன்று கிளாஸில் தன் மாமியார் பெயரையும் மறந்துபோவான். கண்டதைக் கலக்காத கை என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரால்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஊறல் போடுகிற நாளில் அவள் யாரோடும் பேசமாட்டாள், தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பானையைத் தொடுவாள், பானையின் வாயை ஆம்பளை கட்டிப் பழசான வேட்டியால்தான் கட்டுவாள். பொம்பளைத் துணி கூடாது என்பது அந்தத் தொழிலில் இருக்கிற பெண்களெல்லாம் ஏன் எதற்கு என்று கேட்காமல் பிடித்துக்கொண்டிருந்த வழக்கம். பூஷணத்தின் வீட்டில் அப்படி இருந்தது ஒரே வேட்டி, அவள் புருஷன் மாசிலாமணியுடையது. மகள் ஹேமாவதி ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, பதினேழு வருஷத்துக்கு முன்னால், "ரெண்டு நாள்ல வந்துட்றேன்" என்று சொல்லி ஒரு லாரியில் கிளீனராக ஏறிப் போனவன் அவன். வரவில்லை. பூஷணம் முதல் வருஷம் அழுதாள், இரண்டாம் வருஷம் திட்டினாள், மூன்றாம் வருஷத்திலிருந்து யாராவது கேட்டால் "செத்துப் பூட்டான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். வேட்டியை மட்டும் பானைக்கென்று வைத்துக்கொண்டாள், அதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை என்றுதான் அவளும் நினைத்தாள்.

அந்த முறை ஊறல் போட்ட நாளே சரியில்லை. சோறு பாதி வெந்தபோது கேஸ் தீர்ந்துபோயிற்று. ஆறவைத்த சோற்றில் ஒரு ஓரத்தைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டுப் போனது. மருந்து உருண்டை வாங்குகிற கடை பூட்டிக் கிடந்ததால் வேறு கடையில் வாங்கவேண்டி வந்தது. இத்தனையும் தாண்டிப் பானையைக் கட்டி மூலையில் வைத்தால், அடுத்த நாள் மத்தியானம் நுரை பொங்கி எழும்பி, பதினாறு வருஷம் தாங்கிய வேட்டி நட்டநடுவே இரண்டாகக் கிழிந்துவிட்டது. கஞ்சி தரையெல்லாம் ஓடுகிறது, எறும்பு சாரைசாரையாக வருகிறது, பூஷணம் கைக்கு எட்டியதை எடுத்தாள். எட்டியது கொடியில் கிடந்த ஹேமாவதியின் புடவை. துவைத்த புடவைகூட இல்லை. முந்தின நாள் ஹேமாவதியின் புருஷன் டில்லிபாபு, வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை, பால் பாக்கெட் வாங்கி வருகிறேன் என்று காலையில் போனவன் விளக்கு வைக்கிற வரைக்கும் வராமல் போக, அவ்வளவு நேரமும் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த புடவை அது, முந்தானை ஓரத்தைக் கடித்துக் கடித்து நசநசவென்று ஆக்கி வைத்திருந்தாள். பூஷணம் அதைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். போட்ட பிறகுதான் வழக்கம் ஞாபகம் வந்தது. கை ஓய்ந்துபோயிருந்தது, இனிமேல் வேட்டிக்கு எங்கே போவது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பானையைத் திறந்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. காலை ஷிப்டு முடித்த லோடுமேன்கள் பதினொரு பேர் வந்து, அவித்த முட்டையும் வறுத்த இறால் தலையும் தொட்டுக்கொண்டு குடித்தார்கள், குடித்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவனான எத்திராஜ்தான் வாயைத் திறந்தான்.

"இன்னா பூஷணக்கா, தண்ணிய ஊத்தி வெச்சிக்கீறியா? நாலு கிளாஸ் உள்ள போயும் லைட் கம்பம் மாரி நிக்கிறேன்."

"என் கஞ்சியில தண்ணி ஊத்துனா என் கை அழுவிப் பூடும், போய் வேலையப் பாரு," என்றாள் பூஷணம், ஆனால் அவன் திரும்பியதும் பானையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாள்.

அதே நேரத்தில் சந்து முனைக் குழாயடியில் வரிசையில் நின்ற மூன்று பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான்காவது பெண் குழாயைக் கட்டிப்பிடித்து அதனிடம் தன் தங்கை கல்யாணத்தில் நடந்த அநியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்திராஜின் பெண்டாட்டி சம்பூர்ணம், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் குரல் உயர்த்தியே அறியாதவள், தோசைக்கல்லைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டுத் தன் மாமனாரின் முழுப்பெயரைச் சொல்லி அரைமணி நேரம் ஏசினாள், மாமனார் செத்து ஒன்பது வருஷமாகியிருந்தது. மீன் மார்க்கெட்டில் அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஹேமாவதி பக்கவாட்டில் சாய்ந்து மீன் கூடையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

இரண்டாம் நாள் சந்தேகப்பட்டார்கள், மூன்றாம் நாள் சோதித்துப் பார்த்தார்கள், நான்காம் நாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் இப்படி ஆயிற்று என்று கொஞ்ச நாள் பேசினார்கள், சிலர் ஆட்டைச் சொன்னார்கள், சிலர் புதுக் கடையின் மருந்து உருண்டையைச் சொன்னார்கள், புடவையை யாரும் சொல்லவில்லை, அது பூஷணத்துக்கு மட்டும்தான் தெரியும், அவளும் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பேச்சே அலுத்துப்போய், ஆனது ஆகிவிட்டது, இனி இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். கார்ப்பரேஷன் கழிவறைச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு பட்டியல் எழுதினார்கள், ரேஷன் போடுகிற நாளில் யாரும் குடிக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் குடிக்கக் கூடாது, எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போகிற பெண்களின் புருஷன்மார் ஷிப்டு முடிகிற நாலு மணிக்கு மேல்தான் குடிக்கலாம் என்று. கல்யாணமாகாதவன் குடித்தால் திண்டிவனத்தில் இருக்கிற அவன் அம்மா போன் செய்து அழுதாள். சோதனை போட வந்த போலீஸ்காரர் சாட்சிக்கென்று ஒரு கிளாஸ் குடித்துவிட்டு நின்றபோது அவர் போன் அடித்தது, எடுத்து இரண்டு நிமிஷம் காதில் வைத்திருந்தவர், முகம் வெளுத்துப்போய், அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. ஒருத்தன் குடித்த கஞ்சி அவன் வீட்டுக்குப் போகாமல் நாலு வீடு தள்ளி இன்னொருத்தன் பெண்டாட்டியைத் தள்ளாட வைத்ததில் இரண்டு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துகொண்டு போனது.

பெண்களுக்கு முதலில் பெரிய ஆச்சரியம், இதில் ஒன்றுமில்லை என்பதுதான். "இந்தத் தலவலிக்கும் வாந்திக்குமா இத்தினி வருசம் எங்கள அழ வெச்சீங்க," என்று சம்பூர்ணம் மறுநாள் காலையில் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு புருஷனைக் கேட்டாள். ஆண்களும் நிதானத்தில் இருந்ததால் மத்தியானத்தில் வீடு எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகப் பார்த்தார்கள். பெண்டாட்டி வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவிக் கொடுத்தார்கள், பிள்ளைக்குத் தலை வாரினார்கள், சிலபேர் கண்கலங்கி இனிமேல் தொடமாட்டேன் என்றுகூடச் சொன்னார்கள். கேடுகெட்டவர்கள், நாலாம் நாள் மறுபடியும் வந்து நின்றார்கள். போதைக்காக அல்ல. குடித்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், அவள் தள்ளாடுகிறாளா என்று பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு மானங்கெட்ட சந்தோஷம். எனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று ஊருக்கே காட்டுகிற சந்தோஷம். முன்பெல்லாம் தள்ளாடிக் காட்டிப் பெருமை அடித்தவர்கள் இப்போது நூல் பிடித்தாற்போல நடந்து பெருமை அடித்தார்கள்.

நல்லதும் ஒன்று நடந்தது, அதையும் சொல்லவேண்டும். சந்துக் கடைசியில் இருந்த கிழட்டுத் தையல்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை, அவர் மனைவிக்குக் காலில் ஆறாத புண், வலியில் தூக்கமே கிடையாது. அவர் தினமும் பன்னிரண்டு மணிக்கு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு அரை டம்ளர் குடித்துவிட்டுப் போவார். அந்த அம்மாள் மாலை வரைக்கும் வலி தெரியாமல் தூங்குவாள்.

பதினெட்டாம் நாள் எத்திராஜ் மூன்றாவது கிளாஸில் தடுமாறி, சுவரைப் பிடித்தான், சுவரும் கைக்கு நிற்காமல் தரையில் உட்கார்ந்தான். சுற்றி இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோனபோது சம்பூர்ணம் தெளிவாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் சண்டை போடவில்லை, தாலியைக் கழற்றவில்லை, ஒரு வேளைச் சோற்றைக்கூட நிறுத்தவில்லை. எப்போதோ ஒரு நேரத்தில் காத்திருப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள், எந்த நேரம் என்று அவளுக்கே தெரியாது. காத்திருக்க ஆளில்லாதவனுக்குக் கஞ்சி அவன் தலைக்கே திரும்பிவிடுகிறது என்று அன்றைக்குச் சந்து தெரிந்துகொண்டது. அதற்கப்புறம் போதையில் விழுவதைப்போல அவமானம் அங்கே வேறு கிடையாது.

பூஷணத்துக்கு இதெல்லாம் ஊர்க்கதை. அவளுடைய கவலை வேறு. ஹேமாவதிக்கு அப்போது ஐந்து மாதம்.

டில்லிபாபு குடித்தால் ஹேமாவதிக்கு ஏறியது, ஹேமாவதிக்கு ஏறினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஏறும் என்பதற்கு டாக்டர் வந்து சொல்லவேண்டியதில்லை. பூஷணம் மருமகனுக்கு ஊற்றுவதை நிறுத்தினாள். அவன் மற்றவர்கள் கிளாஸிலிருந்து வாங்கிக் குடித்தான். பிள்ளை மேல் சத்தியம் வாங்கினாள், சத்தியம் மூன்று நாள் தாங்கியது. ஒருநாள் ஹேமாவதி கட்டை விரலில் எலும்பு தெரிய வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, பூஷணம் அவனைப் பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"ஏன் நைனா, ஒனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா? அவ வயித்துல ஒன் புள்ளடா."

டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான். லாரி ஷெட்டில் யார் யாரோ போட்ட சோற்றில் வளர்ந்தவன், அம்மா முகம் தெரியாது. "அத்த, நான் வரலேன்னு இந்த ஒலகத்துல எவளும் வாசப்படில குந்திக்கினு இருந்ததில்ல," என்றான். "இப்ப ஒருத்தி கீறா. நெசமாவே கீறாளான்னு டெய்லி ஒருவாட்டி பாத்தாதான் எனுக்குத் தூக்கம் வருது. தப்புதான். ஒரு கிளாஸோட வுட்டுட்றேன் அத்த."

பூஷணத்துக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, தலையைக் கோதிவிடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் எழுந்துபோனாள். அன்றைக்கே முடிவு செய்தாள். பானையை ஒட்டுமொத்தமாகக் கவிழ்த்துவிட வேண்டும், அடிக்கஞ்சியில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது, அடி போனால் அந்தக் கஞ்சியே போயிற்று, பிறகு வேறெங்காவது அடிக்கஞ்சி வாங்கிப் புதிதாகத் தொடங்கலாம், இல்லாவிட்டால் இட்லி சுட்டு விற்கலாம்.

மறுநாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு கையாலும் பானையைத் தூக்கிச் சாக்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். அப்போது அவளுக்குத் தலை சுற்றியது. வெயில் என்று நினைத்துப் பானையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். நாக்கின் அடியில் ஒரு புளிப்பும் அதற்குப் பின்னால் ஒரு தித்திப்பும் ஏறின, காது சூடாயிற்று, எதிர்வீட்டுக் கதவு தானாக ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தன் கைப்பக்குவம் தனக்குத் தெரியாதா. அது அவளுடைய கஞ்சி, அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை லாரிக்காரர்கள் ஐந்து லிட்டர் கேன்களில் கஞ்சி வாங்கிப் போவதுண்டு, போகிற வழியில் எங்கெங்கோ இறக்கிக் கொடுப்பதுண்டு. அந்தக் கேன்களில் ஒன்று எங்கோ ஒரு இடத்தில் திறந்திருக்கிறது, அவள் காத்துக்கொண்டிருக்கிற ஒருத்தன் அதிலிருந்து குடித்திருக்கிறான். அப்படி ஒருத்தன் இருக்கிறான் என்பதல்ல அவளைத் திகைக்கவைத்தது. தான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான். பதினேழு வருஷம் செத்துப் பூட்டான், செத்துப் பூட்டான் என்று சொல்லிச் சொல்லி, உள்ளே ஒருத்தி சொன்னதை நம்பாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். பூஷணத்துக்கு வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, அதையெல்லாம் மீறி, சொல்லக் கூசுகிறது, சந்தோஷமாக இருந்தது. பானையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் தப்பு. யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் ஊறல் போட்டாள், மறுபடியும் அதே புடவையால் கட்டினாள், லாரிக்குப் போகிற கேன்களை இரண்டிலிருந்து நாலாக்கினாள். தினமும் ஒரு மணிக்கு வேலையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தினமும் வந்தது. முதல் கிளாஸ் ஒரே மடக்காக, இரண்டாவது நிதானமாக, மாசிலாமணி தண்ணீர் குடிப்பதே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வராது. ஒருநாள் மூன்றாவது கிளாஸும் வந்தது, அன்றைக்கு அவனுக்கு என்ன கஷ்டமோ என்று சாயங்காலம் வரை அடித்துக்கொண்டாள். லாரி டிரைவர் வரதனை நிறுத்திக் கேட்டாள்.

"எந்தெந்த ஊர்ல எறக்கிக் குடுக்கிற நைனா?"

"கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்ட, நெல்லூரு, அப்பால அங்கங்க ஷெட்டுல. எவன் குடிக்கிறான் எவன் கண்டான்? ஏன்க்கா, எதுனா கம்ப்ளெயின்ட்டா?"

"ஒண்ணுமில்ல. நல்லா கீதான்னு கேட்டேன்."

வரதன் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான். ஹேமாவதிக்கு எலுமிச்சம்பழம் வாங்கி மடியில் கட்டிவிட்டு, தலை சுற்றினால் மோந்துகொள் என்று பூஷணம் சொன்னாள். பெற்ற மகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டுத் தன் புருஷனுக்குக் கேன் அனுப்பினாள், அதுதான் உண்மை, அதை அவள் பின்னால் ஒருபோதும் மறைக்கவில்லை.

வைகாசி பத்தாம் தேதி மார்க்கெட்டில் ஹேமாவதி உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து குப்புறச் சரிந்து விழுந்தாள், வயிறு கல்லில் பட்டது. ரத்தம் போக ஆரம்பித்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா குனிந்து பார்த்தவள் மூக்கைச் சுளித்து நிமிர்ந்து, பூஷணத்தைப் பார்த்து, "வயித்துல குழந்தைய வெச்சிட்டு இப்படிக் குடிச்சிருக்கா. பெத்தவ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். அதைவிடச் சரியான கேள்வியைப் பூஷணத்திடம் யாரும் கேட்டதில்லை. குழந்தையின் நெஞ்சு துடித்துக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் தங்காது என்று சொல்லி, நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து உள்ளறையில் பாயில் படுத்த ஹேமாவதி, வெளியறை மூலையில் தெரிந்த பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கவுக்கறேன் கவுக்கறேன்னியே," என்றாள். "ஏம்மா கவுக்கல?"

பூஷணம் புடவைத் தலைப்பை முறுக்கினாள். "ஒங்கப்பன் குடிக்கிறாரு," என்றாள்.

"யாரு?"

"ஒங்கப்பன். எங்கியோ. ஒரு மணிக்கு ரெண்டு கிளாஸு."

ஹேமாவதி எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தாள். அப்பா என்றால் அவளுக்கு ஒரு பீடி வாசனை, அவ்வளவுதான் ஞாபகம். "நீ இன்னும் காத்துக்கினா கீற?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பூஷணம் தாங்கியிருப்பாள், அவள் இரக்கப்பட்டுக் கேட்டுவிட்டாள். பூஷணம் வாயைப் பொத்திக்கொண்டு, பதினேழு வருஷத்துக்கும் சேர்த்து, தோள் குலுங்க அழுதாள். அழுதுகொண்டே, "நான் பாவிடி, ஒன் புள்ளையோட உசுர வெச்சி நான் அவர மோந்து பாத்துக்கினு இருந்தேன்," என்று சொன்னாள். மகள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறமும் பூஷணம் உடனே பானையைத் தூக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று கொல்லைப்பக்கம் போனாள். அந்த இடைவெளியில் டில்லிபாபு வாசல் பக்கமாக உள்ளே வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் நாலு நாளும் வராந்தாவில் கிடந்தவன், ஹேமாவதி ஒருதரம்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பூஷணம் திரும்பி வந்தபோது அவன் சொம்போடு பானையில் மொண்டு நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தான், கழுத்து வழியாகக் கஞ்சி வழிந்தது.

"டேய், வேணாண்டா," என்று அவள் சொம்பைத் தட்டிவிட்டபோது அது காலியாக உருண்டது.

"ஒருவாட்டி பாத்துக்கிறேன் அத்த," என்றான் அவன், அழுதுகொண்டிருந்தான். "என் மூஞ்சியப் பாக்கமாட்டேன்றா. இன்னும் கீறாளான்னு ஒரே ஒருவாட்டி."

பூஷணம் அவனைத் தள்ளிவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். நாலே எட்டுத்தான், அதற்குள் டாக்டரம்மா சொன்னது, கல்லில் கிடந்த ரத்தம், பிறக்காத பிள்ளையின் கை கால் எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. ஹேமாவதி பாயில் உட்கார்ந்து, பல்லில் கடித்த ஊசியை எடுத்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே முயற்சியில் நூல் ஊசிக் காதுக்குள் நுழைந்தது.

"இன்னாம்மா ஓடியார?"

"ஒனுக்கு... ஒண்ணும் இல்லியா?"

"இல்லியே."

பூஷணம் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், வாயை முகர்ந்து பார்த்தாள். வெளியே ஏதோ சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. டில்லிபாபு படி இறங்கி மூன்று வீடு தள்ளிப் போய், நாலாவது வீட்டு வாசலில் முழங்கால் மடங்கி விழுந்து, குழறிக் குழறி ஹேமாவதியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் தள்ளி நின்றார்கள். எத்திராஜ் மட்டும் போய் அவன் தலைக்குக் கீழே தன் துண்டை மடித்து வைத்தான்.

ஹேமாவதி அந்தக் குரலைக் கேட்டாள். நூல் நுனியில் முடிச்சுப் போட்டாள். "ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்ப வெளிய இவுரு அழுவறது கேட்டுச்சும்மா. எழுந்து பாக்கணும்னு தோணல. அப்பவே வுட்டுப் பூடுச்சு போல," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் கண்ணில் நீர் வந்தது, அதுவும் அதிகமில்லை.

அன்றைக்கும் ஒரு மணி ஆயிற்று. பூஷணத்தின் காது சூடாயிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டாள், முதல் கிளாஸ் ஒரே மடக்காக இறங்கியது. மகள் எழுந்து வந்து அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வருதா?"

"வருது."

"நீயும் வுட்டுடும்மா."

"எப்பிடிடி வுட்றது?"

"தெர்ல. எனுக்குத் தானா வுட்டுச்சு."

இரண்டாவது கிளாஸ் நிதானமாக ஏறிக்கொண்டிருக்கும்போதே பூஷணம் பானையைத் தூக்கினாள். கால் பின்னியது, ஒரு தோள் சுவரில் உரசிக்கொண்டே போயிற்று, நிதானமாக இருந்த ஆண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாக்கடைக்கு மேல் பானையைக் கவிழ்த்தாள். அடிக்கஞ்சி ஒட்டியிருந்ததைக் கையால் வழித்துப் போட்டாள். பானையைச் சுவரில் மோதி உடைத்தாள், புடவையை அடுப்பில் வைத்தாள். கூச்சல் போட்டவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தையல்காரர் டம்ளரோடு வந்து, உடைந்த ஓடுகளைப் பார்த்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார், அவர் போனதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் போதை தெளிந்து டில்லிபாபு வாசலில் வந்து நின்றான், உள்ளே வரலாமா என்று கேட்கவும் தெரியாமல். ஹேமாவதி தட்டை வைத்தாள். "வந்தா சோறு கீது," என்றாள். "வரலன்னா மூடி வெச்சிடுவேன். அவ்ளோதான்." அவன் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

வரதனின் வண்டியில் போன கடைசிக் கேன்கள் எங்கோ ஷெட்டுகளில் இருந்தன. புளித்த கஞ்சி ஒரு வாரத்துக்கு மேல் வாயில் வைக்க முடியாது என்பது அதைப் போட்டவளுக்குத் தெரியும். முதல் நாள் ஒரு மணிக்கு இரண்டு கிளாஸும் வந்தன, கொஞ்சம் காட்டமாக. இரண்டாம் நாள் ஒன்று வந்தது. மூன்றாம் நாள், ஒரு மணி தாண்டிக் கால் மணி நேரம் கழித்து, கேனைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினதுபோல அரை கிளாஸ் வந்தது, அதையும் அவன் ஒரே மடக்காகக் குடிக்காமல் நெடுநேரம் வைத்து வைத்துக் குடித்தான், அவளும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் பூஷணம் ஒரு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காது சூடாகவில்லை. எதிர்வீட்டுக் கதவு நேராக நின்றது. கேனில் கஞ்சி தீர்ந்துபோனதா, எங்கோ இருந்த அவன் தீர்ந்துபோனானா, இல்லை அவளுக்கே தெரியாமல் அவள் காத்திருந்தது தீர்ந்துபோனதா, மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை, கேட்க இருந்த ஒரே வழியைத் தன் கையாலேயே சாக்கடையில் ஊற்றியிருந்தாள். இரண்டு மணி வரைக்கும் பார்த்தாள். அப்புறம் எழுந்து, மகளுக்குப் பசிக்குமே என்று உலை வைத்தாள்.